மழையில் ஒரு ராக் கச்சேரி: நண்பர்களோடு போய், நண்பர்களோடு திரும்ப

திறந்தவெளி ராக் கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பவர் மழைக்கும் சேர்த்தே தயாராக வேண்டும். 1969 ஆகஸ்ட்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தெல் என்ற ஊரில், ஒரு பால்பண்ணை நிலத்தில் வுட்ஸ்டாக் விழா நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஜோ காக்கர் பாடி முடித்த கையோடு பலத்த காற்றும் மழையும் வந்தன. மணிக்கணக்கில் இசை நின்றது. ஞாயிறு இரவோடு முடிந்திருக்க வேண்டிய விழா திங்கள் காலைவரை இழுத்துக்கொண்டு போனது. கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியபோது வந்திருந்த கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பிவிட்டது. ராக் வரலாற்றில் இன்றைக்கும் பேசப்படும் அந்த வாசிப்பை நேரில் கேட்டவர்கள், ஈரத்தையும் சேற்றையும் பொறுத்துக்கொண்டு தங்கியவர்கள்தான்.

தமிழ்நாட்டு ரசிகர்கள் பெரிய ராக் கச்சேரிகளுக்காகப் பல ஆண்டுகளாகப் பெங்களூருக்கு ரயிலேறி வருகிறார்கள். 2007 மார்ச் 17-இல் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிகா, இரண்டும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில்தான். வடகிழக்கில் ஷில்லாங், அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கு என்று இப்போது அந்தப் பயணம் இன்னும் நீண்டிருக்கிறது. இந்த இடங்கள் எல்லாவற்றிலும் மழைக்கு வாய்ப்பு அதிகம்.

மழைக் கச்சேரிக்குத் தயாராவது என்றால் ரெயின்கோட் வாங்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். ரெயின்கோட் வேண்டும்தான். ஆனால் அதைவிட முக்கியமானது, கூடப் போகிற நண்பர்கள் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளும் நான்கைந்து விஷயங்கள். மழை வந்ததும் கூட்டம் நகரும் விதம் மாறும், போன் வேலை செய்யாது, ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்குவார்கள். அந்த நேரத்தில் பேசி முடிவெடுக்க முடியாது. முன்பே எடுத்த முடிவுதான் காப்பாற்றும். இந்த அத்தியாயம் முழுவதும் அதையே மையமாக வைத்து எழுதியிருக்கிறேன்.

டிக்கெட் எடுக்கும் முன்

முதலில் மாதத்தைப் பாருங்கள். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்து இடிமழை உண்டு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மழை இன்னும் அதிகம். சென்னைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சீரோ விழா நடப்பது செப்டம்பரில், தென்மேற்குப் பருவமழை இன்னும் விலகாத நேரத்தில். காலையில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மாலையைக் கணிக்காதீர்கள். பெங்களூரின் இடிமழை பகல் சூட்டில் உருவாகிப் பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகுதான் கொட்டும். ரசிகர்கள் மைதானத்தில் வரிசையில் நிற்கும் நேரமும் அதுதான்.

இரண்டாவது, டிக்கெட்டின் நிபந்தனைகள். மழை பெய்தாலும் கச்சேரி நடக்கும், மழைக்காகப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதே பெரும்பாலான திறந்தவெளிக் கச்சேரிகளின் விதி. ரத்து என்பது வேறு, தள்ளிவைப்பு என்பது வேறு. 2023 ஆகஸ்ட் 12-இல் சென்னையில் நடக்கவிருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. அப்படித் தள்ளிப்போனால் பழைய டிக்கெட்டே செல்லுமா, வர முடியாதவருக்குப் பணம் உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். வெளியூரிலிருந்து போகிறவர்கள் ரத்து செய்யக்கூடிய அறையையே பதிவு செய்வது நல்லது.

மூன்றாவது, நேரக் கணக்கு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மழை நாளில் நடப்பது புரியும். 7 மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி மழையால் 8.30-க்குத் தொடங்கினால், முடிவு நேரம் அதற்கேற்பத் தள்ளிப்போகாது, பாடல்கள் குறையும். தொடக்கக் குழுக்களின் நேரத்தில்தான் முதலில் கைவைப்பார்கள். உங்களுக்குப் பிடித்த குழு தொடக்கத்தில் வாசிக்கும் உள்ளூர்க் குழு என்றால், சீக்கிரம் போவது இன்னும் அவசியம்.

நண்பர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்

நான்கு முதல் ஆறு பேர் சரியான அளவு. பத்துப் பேராகப் போவதென்றால் இரண்டு குழுவாகப் பிரிந்துகொள்ளுங்கள். மழையில், இருட்டில், ஒரே மாதிரி பிளாஸ்டிக் அங்கி போட்ட ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடுவே பத்துப் பேரை எண்ணிப் பார்க்க யாராலும் முடியாது. புறப்படுவதற்கு முந்தைய நாளே ஒன்றாக உட்கார்ந்து கீழே உள்ளவற்றைப் பேசி முடியுங்கள்.

ஜோடி: ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. கழிப்பறைக்கோ, தண்ணீர் வாங்கவோ, முன்வரிசைக்கோ தனியாகப் போவதில்லை. ஒருவருக்கு முடியவில்லை, கிளம்ப வேண்டும் என்றால் துணையும் கிளம்ப வேண்டும். அது எந்தப் பாட்டின் நடுவில் நேர்ந்தாலும் சரி. இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், “என்னால உனக்கும் கச்சேரி போச்சே” என்ற தயக்கத்தில் யாரும் உடம்பு முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

சந்திக்கும் இடம்: இரண்டு இடம் தேவை. ஒன்று மைதானத்துக்குள், இன்னொன்று வெளியே. உள்ளே இருக்கும் இடம் அசையாத, உயரமான, வெளிச்சமுள்ள அடையாளமாக இருக்கட்டும். முதலுதவிக் கூடாரத்தின் பக்கம் மிகப் பொருத்தம். மேடைக்கு இடப்புறம், பிரியாணிக் கடை ஓரம் என்றெல்லாம் வைக்காதீர்கள். மழை வந்தால் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடிவிடுவார், மேடையோரம் நெரிசலாகிவிடும். வெளியே இருக்கும் இடம் மெட்ரோ நிலையமோ பெயர் தெரிந்த ஓட்டலோ ஆகட்டும். நுழைவாயிலையே சந்திக்கும் இடமாக வைக்கவே கூடாது. எல்லோரும் வெளியேறும்போது அங்கே நிற்பது உங்களுக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் இடைஞ்சல்.

நேரம்: பிரிந்துவிட்டால் ஒவ்வொரு மணி முழுதாகும்போதும், அதாவது 7-க்கு, 8-க்கு, 9-க்கு, உள்ளே குறித்த இடத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருங்கூட்டத்தில் இணையம் திணறும். அழைப்பு போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். “முதலுதவி, 8” என்று இரண்டு சொல் போதும்.

கிளம்பும் அளவுகோல்: எந்தச் சூழ்நிலை வந்தால் கேள்வி கேட்காமல் வெளியேறுவது என்பதை முன்பே தீர்மானியுங்கள். இடி கேட்டால், கூட்டத்தில் கையை அசைக்க முடியாமல் போனால், குழுவில் ஒருவர் நடுங்கத் தொடங்கினால். இந்த மூன்றும் போதும். டிக்கெட் விலை எவ்வளவு என்ற பேச்சு அந்த நேரத்தில் எழக் கூடாது.

பொறுப்பாளர்: ஒருவர் அன்றைக்கு மதுவைத் தொடாமல் இருக்க வேண்டும். வண்டி ஓட்டுவதற்கு மட்டுமல்ல, ஈரமும் இருட்டுமான இரவில் தெளிந்த தலை ஒன்று குழுவுக்குத் தேவை. குழுவில் எல்லோருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணும் ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடம் இருக்கட்டும். யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் அதில் இருக்கட்டும்.

உடுப்பும் பையும்

குடையைப் பெரும்பாலான கச்சேரிகளில் உள்ளே விடமாட்டார்கள். பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது, கம்பி கண்ணில் குத்தும். தலையோடு சேர்த்து மூடும் பாஞ்சோ எனப்படும் தளர்ந்த மழை அங்கிதான் சரி. மைதான வாசலில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் அங்கி ஒரு பாட்டுக்குள் கிழிந்துவிடும். கொஞ்சம் கனமானதாக முன்பே வாங்குங்கள். குழுவில் எல்லோரும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் வாங்கினால் தேடுவது எளிது.

ராக் ரசிகரின் சீருடை ஜீன்ஸும் கறுப்புப் பருத்திச் சட்டையும். மழைக்கு இரண்டுமே உதவாது. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும், காய மணிக்கணக்கில் ஆகும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், ஈரத் துணியோடு காற்றில் நிற்பவர் 20 டிகிரியிலும் நடுங்குவார். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியன், சீக்கிரம் உலரும் பேன்ட் இரண்டும் போதும். பிடித்த குழுவின் படம் போட்ட சட்டைதான் வேண்டும் என்றால் அதை மேலே போட்டுக்கொண்டு, உள்ளே உலரும் பனியன் போடுங்கள்.

காலுக்குக் கணுக்கால் வரை பிடிக்கும், அடியில் நல்ல பள்ளமுள்ள பழைய ஷூ. செருப்பு வேண்டாம், சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும், கூட்டம் வெறுங்காலை மிதிக்கும். ஷூக் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுங்கள். பல நாள் நடக்கும் விழா என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் நல்லது.

பெரிய முதுகுப்பையைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. இடுப்பில் கட்டும் சிறிய பையில் இவை இருந்தால் போதும்: ஜிப்லாக் கவரில் போன், அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம். இன்னொரு கவரில் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். காதுக்கு நுரை அடைப்பான். தினமும் போடும் மருந்து, ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர். பெண்கள் நாப்கினைக் காற்றுப் புகாத கவரில் வையுங்கள். கண்ணாடி போடுகிறவர் அங்கியின் முகப்பு நீண்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் சேற்றுக் கையால் கண்ணைத் தொட நேரும் என்பதால் அன்றைக்குக் கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

கியூஆர் டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதோடு, விதிகள் அனுமதித்தால் ஒரு பிரதியை அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் திரையில் விரல் வேலை செய்யாது. போன் நனைந்துவிட்டால் சார்ஜர் துளை முழுக்கக் காயும்வரை பவர் பேங்கைச் செருகாதீர்கள். நனைந்த போனை அரிசியில் புதைப்பதால் அரிசித் தூள் துளைக்குள் போகுமே தவிரப் பலனில்லை. துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும்.

எங்கே நிற்பது

உள்ளே போனதும் மேடையைப் பார்க்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். அவசர வழிகள் எங்கே, முதலுதவி எங்கே, தரை எந்தப் பக்கம் சரிகிறது. சரிவின் அடியில்தான் தண்ணீர் தேங்கும், கூட்டமும் அந்தப் பக்கமே வழுக்கி வரும். உள்ளே வந்த வழி ஒன்றையே நம்பாமல் இன்னொரு வழியையும் கண்டுபிடித்து, குழுவில் எல்லோருக்கும் கை நீட்டிக் காட்டுங்கள்.

மழை நாளில் நிற்க நல்ல இடம், மைதானத்தின் நடுவில் ஒலிக் கலவை செய்பவர்கள் உட்கார்ந்திருக்கும் மேடைக்குச் சற்றுப் பின்னால், ஒரு பக்கமாக. ஒலிப் பொறியாளர் அங்கே கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். அதனால் ஒலி அங்கே மிகத் தெளிவு. காற்று வீசும்போது தூரத்தில் நிற்பவர்களுக்கு உச்ச ஒலிகள் அலைந்து தேய்ந்து கேட்கும். நடுவில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. முன்தள்ளும் கூட்டத்தின் அழுத்தமும் அங்கே குறைவு.

முன்வரிசைதான் வேண்டும் என்பவர்களுக்கும், மேடை முன்னால் ஒருவரையொருவர் மோதி ஆடும் மோஷ் பிட்டில் இறங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மோஷ் பிட்டின் முதல் விதி, விழுந்தவரை உடனே தூக்கு என்பது. சேற்றில் அந்த விதி இருமடங்கு முக்கியம், ஏனென்றால் விழுந்தவரால் தானாக எழ முடியாது. யாராவது விழுந்தால் கைகளை அகல விரித்துச் சுற்றி வளையம் போட்டு, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் படுத்து மிதப்பதை மழையில் செய்யவே வேண்டாம். ஈரக் கைகள் நழுவும், தலைதான் முதலில் தரையில் மோதும்.

மழை, காற்று, மின்னல்

இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி பயம் போய்விடும், தேவையான பயம் மட்டும் மிஞ்சும்.

மழை மட்டும் பெய்தால் கச்சேரி பெரும்பாலும் நடக்கும். மேடைக்கு மேற்கூரை உண்டு. பணியாளர்கள் ஆம்ப்ளிஃபயர்களுக்குத் தார்ப்பாய் போர்த்துவார்கள், மேடைத் தண்ணீரைத் தள்ளுவார்கள், பிறகு தொடருவார்கள். தார்ப்பாய் போர்த்திவிட்டு ஆட்கள் அங்கேயே நின்றால் அது காத்திருப்பு, ரத்து அல்ல. பொறுமையாக இருங்கள்.

காற்று வேறு கணக்கு. மேற்கூரை, எல்இடி திரை, ஸ்பீக்கர் அடுக்கு எல்லாம் காற்றை வாங்கிக்கொள்ளும் பெரிய பரப்புகள். 2011 ஆகஸ்ட் 13-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் முதன்மைக் குழு மேடையேறும் முன் வீசிய திடீர்க் காற்றில் மேடைக் கூரைச் சட்டம் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 18-இல், பெல்ஜியத்தின் புக்கெல்பாப் விழாவைப் புயல் தாக்கி 5 பேர் உயிர் போனது. பணியாளர்கள் திரைகளையும் ஸ்பீக்கர்களையும் கீழே இறக்குவதைப் பார்த்தால் அவர்கள் காற்றை எண்ணிப் பயப்படுகிறார்கள் என்று பொருள். அறிவிப்புக்குக் காத்திராமல் மேடை, விளக்குக் கோபுரம், விளம்பரத் தட்டி, பெரிய மரம் எல்லாவற்றிலிருந்தும் அவற்றின் உயரத்தைவிட அதிக தூரம் விலகுங்கள்.

மின்னல்தான் விவாதத்துக்கு இடமே இல்லாதது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். 30 விநாடிக்குள் கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; ஒதுங்கியாக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப வரலாம். கச்சேரி சத்தத்தில் இடி கேட்காமல் போகும் என்பதால் வானத்தைப் பார்க்கும் வேலையைப் பொறுப்பாளரிடம் விடுங்கள். ஒதுங்க ஏற்ற இடம் கான்கிரீட் கட்டடம், அல்லது கண்ணாடி ஏற்றிய உலோகக் கூரையுள்ள கார், பஸ். மரத்தடி, துணிக் கூடாரம், இரும்புத் தடுப்பு வேலி ஓரம், உணவுக் கடையின் இரும்புச் சட்டம் இவை எதுவும் பாதுகாப்பில்லை. 2016 ஜூனில் ஜெர்மனியின் ராக் ஆம் ரிங் விழாவில் மின்னலால் 70-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்; கடைசி நாள் நிகழ்ச்சி ரத்தானது.

இத்தோடு, தரையில் ஓடும் மின்கம்பியைத் தாண்ட வேண்டாம், ஈரக் கையால் விளக்குக் கம்பத்தைப் பிடிக்க வேண்டாம். தற்காலிக மின் இணைப்புகள் மழையில் நம்பத் தகுந்தவை அல்ல.

கூட்டம் ஒதுங்க ஓடும்போது

மழைக் கச்சேரியின் மிகப் பெரிய ஆபத்து வானத்திலிருந்து வருவதில்லை. 2023 நவம்பர் 25-இல் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி. மழை தொடங்கியதும் வெளியே நின்றவர்கள் ஒதுங்குவதற்காக உள்ளே பாய, கீழிறங்கும் படிகளில் முன்னால் இருந்தவர்கள் விழ, அவர்கள் மேல் மற்றவர்கள் விழ, 4 பேர் இறந்தார்கள். நம் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயண தூரத்தில் நடந்தது இது. கச்சேரிக்குப் போகும் ஒவ்வொரு மாணவரும் மாணவியும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மழைக்காக ஓடாதீர்கள். சற்று நேரம் நனைவதால் யாருக்கும் உயிர் போவதில்லை. படிக்கட்டு, குறுகிய வாசல், சரிவு இந்த மூன்றுக்கும் அருகே மழை தொடங்கும் நேரத்தில் நிற்காதீர்கள். நின்றால் பக்கவாட்டில் விலகி, முதல் அலை போகும்வரை நனைந்துகொண்டே காத்திருங்கள்.

நெரிசலை அளக்க எளிய வழி, உங்கள் தோள்கள். இரண்டு பக்கமும் ஆள் இடிக்காமல் திரும்ப முடிந்தால் சரி. தோள்கள் தொடர்ந்து இடிபட்டு, நீங்கள் நகராமலே கூட்டம் உங்களை நகர்த்தினால் வெளியேறும் நேரம் அது. கூட்டத்துக்கு எதிராகத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு அலை தள்ளி ஓயும்போதும் குறுக்குவாட்டில் ஓரம் நோக்கி இரண்டிரண்டு அடியாக நகருங்கள். குத்துச்சண்டை வீரரைப் போல முன்கைகளை மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள், மூச்சு விட இடம் கிடைக்கும். விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள், அது போனாக இருந்தாலும். விழுந்துவிட்டால் எழ முயலுங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

குளிர், காது, தண்ணீர்

நிற்காத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை, காரணமில்லாத எரிச்சல். இவை உடல்வெப்பம் இறங்குவதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவர் “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் சொல்வார். அவர் சொல்வதை நம்பாமல் முதலுதவிக்கு அழைத்துப் போங்கள். ஈரத் துணியை மாற்றி, உலர்ந்த போர்வை சுற்றி, சூடாக இனிப்பான தேநீர் கொடுங்கள். மது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதால் கதகதப்பாகத் தோன்றும். உண்மையில் உடம்பின் வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும்.

மழை நாளில் கழிப்பறைக்குச் சேற்றில் நடக்கச் சோம்பிப் பலர் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுவார்கள். குதித்து ஆடும் உடம்புக்கு மழையிலும் வியர்க்கும். மணிக்கொரு தடவை துணைக்கு நினைவூட்டித் தண்ணீர் குடியுங்கள்.

காதைப் பற்றி நம்மிடையே பேசுவது குறைவு. நிகழ்ச்சி அரங்குகளில் ஒலி சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. அந்த அளவிலேகூட நீண்ட நேரம் பாதுகாப்பின்றி நிற்பது செவிக்குக் கேடு. நுரை அடைப்பான் விலை மிகக் குறைவு. அதைப் போட்டால் இசை கேட்காது என்பது தவறு. சத்தம் குறையும், பாடல் கேட்கும், மறுநாள் காதில் ரீங்காரம் இருக்காது. ஈரக் கையால் செருகாமல் உள்ளே போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரத்தில் இரவு: சீரோ

2012-இல் தொடங்கிய சீரோ இசை விழா, அபதானி மக்கள் வாழும் பள்ளத்தாக்கில் வயல்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே, மூங்கிலால் கட்டிய மேடைகளில் நடப்பது. இந்தியாவின் சுயாதீன ராக் குழுக்களைக் கேட்க இதைவிட அழகான இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அருணாசலத்துக்குள் போக உள்நுழைவு அனுமதிச் சீட்டு வேண்டும், இணையத்தில் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். மலைப்பாதை மழையில் அடைபடலாம். அதனால் போகவும் வரவும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

கூடாரத்தை மேட்டில் போடுங்கள். பள்ளமான புல்தரை மெத்தென்று இருக்கும், இரவில் குளமாகும். தரைவிரிப்பு கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை வாங்கி உள்ளே விடும். மடித்து உள்ளே தள்ளுங்கள். தூங்கும் உடை ஒன்றைத் தனிக் கவரில் வைத்து, தூங்குவதற்கு மட்டும் அதைப் போடுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் இரவில் ஏழு மணி நேரம் உலர்ந்திருந்தால் உடம்பு தாங்கும், காலும் புண்ணாகாது. குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ பற்றவைப்பது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். கிளம்பும்போது உங்கள் குப்பை முழுவதையும் எடுத்து வாருங்கள். அந்த வயல்கள் அடுத்த நாளும் அபதானி மக்களுக்குச் சோறு போட வேண்டும்.

திரும்பும் வழியும் மறுநாளும்

கச்சேரி முடியும் இரவே ரயில் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். தாமதம், நெரிசல், சாலையில் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் ரயில் போய்விடும். அன்றிரவு தங்கி மறுநாள் புறப்படுங்கள். கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு என்று அன்று காலையே பார்த்து வையுங்கள். வாசலிலேயே வாடகைக் கார் தேடினால் கட்டணம் பலமடங்கு ஏறியிருக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் பிரதான சாலையில் சேர்ந்து நடந்து போய்த் தேடினால் கிடைப்பது எளிது. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ஓட்டுநர் இறங்கலாம் என்றாலும் விடாதீர்கள். 2023 மே மாதத்தில் பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108.

அறைக்குப் போனதும் முதலில் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். சேற்று நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது காயம் வழியாக உடம்பில் ஏறும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மருத்துவரிடம் சேற்றில் நின்றதைச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும். நனைந்த ஷூவை வெயிலில் போட்டால் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் காயவையுங்கள்.

மழையில் கேட்கும் ராக் இசைக்கு ஈடு வேறில்லை. மேடையில் இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே மழையில் நின்று, ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும் நேரம் வாழ்க்கையில் அடிக்கடி வாய்க்காது. அதைத் தவறவிடாதீர்கள், மழை என்றதும் டிக்கெட்டை விற்றுவிடாதீர்கள். ஆனால் புறப்படுவதற்கு முந்தைய நாள் அரை மணி நேரம் நண்பர்களோடு உட்காருங்கள். யாருக்கு யார் துணை, எங்கே சந்திப்பது, எப்போது கிளம்புவது என்ற மூன்றையும் பேசி முடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள்.